தம்ளரில் தண்ணீர் ஆடவில்லை

ஜூன் 3

டிரைவ் பிரிவு மூத்த பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுரங்கத்தில் நீங்கள் வந்து மாட்டிக்கொடுத்த ஆறு ஃபேஸ் மோட்டாரைப் பற்றி ஒரு புகார். பகல் ஷிப்டில் கூண்டை ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேறு எந்த முறையிலும் இல்லை.

நடு மட்டத்தில் கூண்டை நிறுத்தி, ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே கிளம்புகிறோம். பிரேக்கை விட்டதும் கூண்டு மேலே போக வேண்டும். போவதில்லை. முதலில் கீழே இறங்குகிறது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று மேலே போகிறது. ஆரம்பத்தில் ஒரு விரல் அகலம்தான் இறங்கியது. அதற்குப் பயப்படுவதா என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரு சாண். காலையில் ஒழுங்காக இருக்கிறது, மதியத்துக்கு மேல்தான் இந்தக் கூத்து. மீட்டரில் கரண்ட் குறைவாகக் காட்டினால் அதையாவது சொல்லலாம். கரண்ட் முழுசாகவே போகிறது.

சுரங்க மேலாளரிடம் சொன்னேன். சிரித்தார். ஏன் சிரித்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடு மட்டத்துக்குத் தினமும் போய்வருகிறவர்களில் சுரங்க சர்வேயரும் ஒருவர். அவர் உங்களுக்குக் கல்லூரித் தோழி, எனக்கு மனைவி. தங்கள் கவனத்துக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வின்ச் ஓட்டுநர்


ஜூன் 9

டேய்,

கவரைப் பிரித்ததும் யாரோ வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்துத்தான் என் தம்பி என்று தெரிந்தது. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அனுப்புகிற செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, இத்தனை மாதம் கழித்து எழுதினால் 'தங்கள் கவனத்துக்காக'வா? நன்றாக இருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரி கேட்டாள், யார் கடிதம், இப்படி முறைத்துப் படிக்கிறீர்கள் என்று. வாடிக்கையாளர் என்று சொல்லிவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்னால் பிரேக்கைப் பார். பிரேக் முழுதாகத் திறப்பதற்குள் மோட்டார் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் அவசரப்பட்டால் கூண்டு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எண்ணெய் சூடாகி இளகிவிட்டால் பிரேக் சீக்கிரம் திறந்துகொள்ளும். மதியத்துக்கு மேல் மட்டும் வருகிறது என்றால் அதுதான் காரணமாக இருக்கும். ஃபிட்டரைக் கூப்பிட்டு எண்ணெயை மாற்றச் சொல்.

மோட்டாரில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை என்று அடித்துச் சொல்ல ஆசைதான். ஊரில் ஓடுகிற மோட்டார்களுக்கெல்லாம் மூன்று ஃபேஸ். இதற்கு ஆறு. ஒன்று செத்துப்போனால் மிச்சம் ஐந்தும் அதன் வேலையைப் பங்குபோட்டு எடுத்துக்கொள்ளும், தண்டு முறுக்குவது ஒரே சீராக இருக்கும். அந்தப் பங்கீட்டுக்கான புரோகிராமை எழுதுவதற்குள் எனக்கு முடி கொட்டிவிட்டது. அதனால் யாராவது அதைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது, நீ சொன்னாலும்.

வாயாடி எப்படி இருக்கிறாள்? விடுதியில் அவள் பேச ஆரம்பித்தால் நாங்கள் காதில் தலையணையை வைத்துக்கொள்வோம். அவளை உனக்குக் கட்டிவைத்ததே என் காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான். இப்போது நான் போன் செய்தால், "உங்க சண்டைய நீங்களே தீர்த்துக்குங்க, என்னை இழுக்காதீங்க" என்று வைத்துவிடுகிறாள்.

நான் அப்படி என்னதான் செய்துவிட்டேன்? ஒரு வேடிக்கைப் பேச்சு. அதற்கா இவ்வளவு?

அக்கா


ஜூன் 14

அக்கா,

எண்ணெய் மாற்றியாயிற்று. பிரேக்கைக் கழற்றி மாட்டியாயிற்று. அது திறக்கும் நேரத்தைத் தள்ளிவைத்தும் பார்த்தோம். கூண்டு இறங்குகிறது.

வேடிக்கைப் பேச்சு என்கிறாய். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மோட்டாரை எங்களிடம் ஒப்படைத்த அன்று வின்ச் அறை நிறையக் கூட்டம். கூண்டில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓடவிட்டீர்கள். நீ ஒரு தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மோட்டாரின் முதுகில் வைத்தாய். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபேஸை உன் கையாலேயே நிறுத்தினாய். தண்ணீர் ஆடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இப்படி ஒண்ணு இல்லாம எவ்வளவு நேரம் ஓட்டலாம்?" அதற்கு நீ பதில் சொல்லவில்லை. மேலாளர் பக்கம் திரும்பி, "கண்டுக்காதீங்க சார். இவன் சின்ன வயசுல ராட்டினத்துல ஏறிட்டு, நிறுத்து நிறுத்துன்னு கத்தி ஊரைக் கூட்டினவன்" என்றாய். அறையே சிரித்தது.

அன்றிலிருந்து இங்கே என் பெயர் ராட்டினம். வருகைப் பதிவு எழுதுகிறவரிலிருந்து கல் உடைக்கிறவர்வரை எல்லோருக்கும் ராட்டினம்தான். கூண்டு இறங்குகிறது என்று நான் சொன்னால், "ராட்டினத்துக்குத் தலை சுத்துதுப்பா, யாராவது எலுமிச்சம்பழம் குடுங்க" என்கிறார்கள். நான் இதைச் சொல்வதால்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். இதே புகாரை இரவு ஷிப்ட்காரன் சொல்லியிருந்தால் அன்றே வின்ச் நின்றிருக்கும். ராத்திரி பாரம் குறைவு, மோட்டார் சூடாவதில்லை, அதனால் அவன் கண்ணில் இது படவேயில்லை.

ராட்டினத்தில் கத்தியது யார் என்று உனக்கு நன்றாகத் தெரியும். நீ தனியாக இறங்க வெட்கப்படுவாய் என்று நானும் கூட இறங்கினேன். வீட்டுக்குப் போய் என் பெயரைச் சொன்னாய். போகட்டும் என்று விட்டேன். வளர்ந்த பிறகு ஒரு கூட்டத்துக்கு நடுவில் அதை மறுபடியும் எடுப்பாய் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. நாலாவது ஃபேஸுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் மாட்யூல் எரிந்துபோய் நாளாயிற்று. மாற்றுக்கு வைத்திருந்ததை நீர் இறைக்கும் பம்புக்குப் போட்டுவிட்டார்கள். புதிதாக ஒன்று வரவழைக்கச் சொன்னால் மேலாளர், "ஒண்ணு போனாலும் ஓடும்னு உங்க அக்காதானே காட்டினாங்க? தண்ணிகூட ஆடலியே!" என்கிறார். இதற்கும் கூண்டு இறங்குவதற்கும் சம்பந்தம் உண்டா? அன்றைக்குக் கேட்டதைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 19

தம்பி,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்து ஃபேஸில், அதுவும் நாள்கணக்கில்! அப்படி ஓட்டுவார்கள் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஒன்று போனால் நடுவழியில் நிற்காமல் கூண்டை மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், உடனே பழுது பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கையேட்டில் 'விரைவில் சரிசெய்யவும்' என்று ஒரு வரி இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? அவர்கள் கண்ணில் நிற்பது நான் வைத்த தம்ளர்.

சம்பந்தம் உண்டு. சொல்கிறேன், கேள். மோட்டாருக்குள் போகும் கரண்டுக்கு இரண்டு வேலை. ஒரு பங்கு காந்தத்தை உண்டாக்கும். இன்னொரு பங்கு அந்தக் காந்தத்தைப் பிடித்துத் தண்டை முறுக்கும். எது எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் என் புரோகிராம். பிரிக்க வேண்டுமானால் உள்ளே சுற்றுகிற ரோட்டாரில் காந்தம் இந்த நொடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை அளக்க உள்ளே கருவி எதுவும் இல்லை. ரோட்டாரின் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள் நடப்பதுபோல்தான், மேசை நாற்காலி அதனதன் இடத்தில் இருக்கும்வரை இடிக்காது.

அந்தச் சூட்டுக் கணக்கு ஆறு ஃபேஸும் ஓடுகிறது என்று வைத்துப் போட்டது. ஐந்தில் ஓடும்போது ஒவ்வொன்றிலும் கரண்ட் கூடுகிறது, மோட்டார் நான் நினைத்ததைவிட அதிகமாகச் சூடாகிறது. ஊகம் தப்புகிறது. முறுக்க வேண்டிய கரண்டில் ஒரு பகுதி காந்த வேலைக்குப் போய்விடுகிறது. மீட்டரில் முழுக் கரண்ட் காட்டும், தண்டில் முழு பலம் வராது. நீ பார்க்கிற ஒரு சாண் அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் மோட்டார் ஆறியிருப்பதால் தெரிவதில்லை. நானும் அன்றைக்கு ஆறின மோட்டாரில்தான் வித்தை காட்டினேன், அதுவும் கொஞ்ச நேரம்.

எங்கள் தலைவரிடம் போனேன். அவருக்கு மிட்டாய் என்று பெயர். முடியாது என்று சொல்வதற்கு முன்னால் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதினா மிட்டாய் தருவார். இன்றைக்கு இரண்டு தந்தார். இதே மோட்டாரை வாங்க வேறு சுரங்கங்கள் வரிசையில் நிற்கின்றன, இப்போது எதையும் எழுத்தில் கொடுக்காதே, சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். "தம்பி சொன்னான், தங்கச்சி சொன்னான்னு நாம லெட்டர் அனுப்ப முடியுமாம்மா?" என்றும் கேட்டார். மிட்டாய்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகவே இது உனக்கு மட்டும். பாதிப் பாரத்துக்கு மேல் ஏற்றாதே. மதியத்துக்கு மேல் ஆட்களை ஏற்றாமல் இருக்க ஏதாவது சாக்கு கண்டுபிடி. நான் இப்படி எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதே. என் வேலை போய்விடும் என்பதை விடு, சோதனையையே நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் பொறு. ராட்டின விஷயம் எழுத நிறைய இருக்கிறது, இப்போது முடியவில்லை.

அக்கா


ஜூன் 24

அக்கா,

மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு வாயில் போடாதே என்கிறாய்.

கூண்டில் ஆளை ஏற்றுவது நான் இல்லை. கீழே கூண்டு வாசலில் நிற்கிறவர் ஏற்றுகிறார், மணி அடிக்கிறார், நான் ஓட்டுகிறேன். பாதிப் பாரம் போதும் என்று போனில் சொன்னேன். "யார் உத்தரவு?" என்றார். யார் உத்தரவு என்று சொல்ல? ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்களைப் பாதிப் பேர் காத்திருங்கள் என்றால் சும்மா இருப்பார்களா? அன்று சாயங்காலம் வின்ச் அறைக் கதவில் யாரோ கரியால் ஒரு ராட்டினம் வரைந்து வைத்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

ஓட்டமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "தாராளமா வீட்டுக்குப் போ. வேற ஆள் ஓட்டுவான்" என்றார். வேறு ஆள் என்றால் அந்தச் சறுக்கல் தெரியாதவன். நானாவது பிரேக் கைப்பிடியிலிருந்து கையை எடுப்பதில்லை. அதனால் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் இவளிடம் மட்டும் சொன்னேன், நீ எழுதினாய் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் லீவு போடு என்றேன். "நான் ஏறலைன்னா மத்தவங்க ஏறாம இருந்துடுவாங்களா? எனக்கு மட்டும் புருஷன் வின்ச்ல உட்கார்ந்திருக்கான்னு சலுகையா?" என்று சண்டைக்கு வந்தாள். அவளைப் பேச்சில் ஜெயித்தவர் யார்?

உன் கையெழுத்துப் போட்டு ஒரு வரி அனுப்பு. ஒரு ஃபேஸ் இல்லாமல் ஆள் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். இங்கே என் வாய்க்கு மதிப்பில்லாமல் செய்தவள் நீ. உன் வாயால் சொன்னால்தான் நிற்கும்.

தம்பி


ஜூன் 29

தம்பி,

எழுதிவிட்டேன். உங்கள் மேலாளருக்கு என் கையெழுத்துடன் பதிவுத் தபால் இன்று காலை போய்விட்டது. ஐந்து ஃபேஸில் ஆட்களை ஏற்றக்கூடாது, மாட்யூல் மாற்றும்வரை வின்ச்சை நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறேன். போனிலும் முயன்றேன். அவர் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார், சொல்கிறோம் என்றார்கள். உனக்கும் வாயாடிக்கும் அடித்தேன், இரண்டு பேரும் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உன் கடிதம் வந்த அன்றே மிட்டாயிடம் போய், அனுமதி கொடுக்காவிட்டாலும் சோதிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சோதனைக் கூடத்தில் உங்கள் மோட்டாரின் ஜோடி ஒன்று இருக்கிறது. நாலாவது ஃபேஸைக் கழற்றிவிட்டு, பாரம் கொடுத்து, ஒரு ஷிப்ட் முழுக்க ஓடவிட்டேன். பக்கத்தை விட்டு நகரவில்லை. வழக்கம்போல முதுகில் தம்ளரும் வைத்தேன்.

மதியத்துக்கு மேல் தண்டின் பலம் இறங்க ஆரம்பித்தது. நான் கேட்பது ஒன்று, வருவது வேறு. திரையில் எல்லாம் பச்சை. புரோகிராம் தான் கொடுப்பதாக நம்பிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் முழுப் பாரத்தைக் கொடுத்தபோது தூக்கவே இல்லை. கரண்ட் உச்ச வரம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது, தண்டு பின்னால் சுற்றியது. இது ஒரு சாணோடு நிற்கிற விஷயம் இல்லை, தம்பி. பாரம் கூடுதலாக, மோட்டார் கொதிப்பாக இருக்கிற ஒரு சாயங்காலம் கூண்டு திரும்பி ஏறாது.

தம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் ஆடவே இல்லை. அதிர்வு வராமல் பங்குபோடத்தானே எழுதியிருக்கிறேன்! பலம் போனாலும் அது ஆடாது. நான் உங்கள் எல்லோருக்கும் காட்டியது அதிர்வு இல்லை என்பதை. நீங்கள் எல்லோரும் பார்த்தது ஆபத்து இல்லை என்பதை. அந்த வித்தியாசத்தைக் கேட்ட ஒரே ஆளைத்தான் கூட்டத்துக்கு நடுவில் கேலி செய்து உட்கார வைத்தேன்.

வாயாடியை அனுப்பாதே. கட்டிப்போட்டாவது வீட்டில் வை.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. பதிவுத் தபால் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. வந்ததா என்று கேட்க இப்போது என்னை உள்ளே விடவும் மாட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் நடந்தது. நடு மட்டத்தில் ஷிப்ட் முடிந்து ஏறியவர்கள், சோதனைக்கு எடுத்த கல் மாதிரிகள் அடைத்த பெட்டிகள், எல்லாம் சேர்ந்து கூண்டு நிரம்பியிருந்தது. மணி அடித்தார்கள். பிரேக்கை விட்டேன். இறங்கியது. ஒரு சாண்தானே, நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. கயிற்றைச் சுற்றும் உருளை பின்பக்கம் வேகம் எடுத்தது. அவசரப் பிரேக்கை அடித்தேன். கயிறு சுண்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கூண்டு நின்றுவிட்டது. யாரும் சாகவில்லை. பெட்டிகள் சரிந்து ஒருவருக்கு மண்டை உடைந்திருக்கிறது, இன்னொருவருக்குத் தோள். இவளுக்கு வலது கணுக்கால் நொறுங்கிப்போயிற்று. உள்ளே தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். பழையபடி ஏணியில் ஏறி இறங்குவது கஷ்டம் என்கிறார் டாக்டர். ஏணி ஏறாத சர்வேயர் சுரங்கத்தில் என்ன செய்வாள்? மயக்கம் தெளிந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா?

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். மோட்டார் சரியாகத்தான் இருந்தது, ஓட்டுநர் பயந்துபோய்த் தேவையில்லாமல் அவசரப் பிரேக் அடித்ததால் கூண்டு குலுங்கியது என்று மேலாளர் எழுதியிருக்கிறார். விசாரணை வைக்கிறார்கள். சாட்சிக்கு என்ன சொல்கிறார் தெரியுமா? "அவன் சுபாவமே அப்படி. கூடப் பிறந்த அக்காவே எங்க எல்லார் முன்னாடியும் சொன்னாங்க."

நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. இவளிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை ஏறியிருக்கமாட்டாள். அதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலேயே வருகிறது. மீதிப் பாதி உன்னுடையதுதான், அதைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 7

தம்பி,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தால் கிழித்துக்கொள். ஆனால் நான் விசாரணைக்கு வருகிறேன் என்பது உனக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும்.

பதிவுத் தபால் மேலாளர் கைக்கு விபத்துக்கு மறுநாள் போயிருக்கிறது. பத்தொன்பதாம் தேதி உனக்கு எழுதிய அன்றே அவருக்கும் எழுதியிருந்தால் முன்னாலேயே போயிருக்கும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததே போதும். நிச்சயமாகத் தெரியட்டும், நிச்சயமாகத் தெரியட்டும் என்று சோதனையைச் சாக்குச் சொன்னேன். உண்மையில் மிட்டாயைப் பார்த்துப் பயந்தேன். அவள் கால் நொறுங்கியது அந்தப் பயத்தால்தான். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நர்ஸ் அவள் காதில் வைத்தார்கள். நான் அழுதேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நர்ஸே வாங்கி வைத்துவிட்டார்கள்.

கம்பெனியில் என் கடிதத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். விசாரணைக்குப் போகக்கூடாது என்றார்கள், லீவு எழுதிக் கொடுத்தேன். மிட்டாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறையைத் திறக்கவே இல்லை. திரும்பிப் போகும்போது எனக்கு நாற்காலி இருக்காது என்று புரிந்துகொண்டேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த அறையில் நான் சொன்னதை அதே அறையில், அதே ஆட்களுக்கு முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தம்ளரையும் கொண்டுவருகிறேன்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன். கேலி செய்யாதே.

விசாரணையில் நான் உன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எல்லாம் கேட்டேன். முதலில் மோட்டாரைப் பற்றிச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ எழுந்து நின்று, "ராட்டினத்துல பயந்து கத்தினது நான். இவன் எனக்காகத்தான் இறங்கினான். அன்னைக்கு இவன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல, அதை மறைக்கத்தான் கிண்டல் பண்ணேன்" என்றாய். பதில் தெரியாமல்தான் சிரித்தாய் என்று அதுவரை எனக்கும் தெரியாது. விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். "எழுதுங்க சார்" என்றாய். அப்புறம், "எனக்கு முன்கூட்டியே தெரியும், நான்தான் இவனைச் சொல்லவிடாம பண்ணேன்" என்றும் சொன்னாய். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நானாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் மணல் மூட்டைகளை ஏற்றி, ஐந்து ஃபேஸிலேயே காலையிலிருந்து ஓடவிட்டுச் சோதித்தபோது நானும் வெளியே நின்றேன், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையில் மேலாளர் முகத்தில் சிரிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் நடு மட்டத்தில் பிரேக்கை விட்டதும் கூண்டு இருக்கும் ஆழத்தைக் காட்டும் முள் கீழ்ப்பக்கம் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் முள்ளைப் பார்க்க, நீ மட்டும் கையை நீட்டித் தம்ளரைக் காட்டினாய். தண்ணீர் அசையாமல் நின்றது. இரவு ஷிப்ட்காரன் அவசரப் பிரேக்கை அடித்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

என்மேல் குற்றமில்லை என்று எழுதி, வேலையில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மேலாளரை மாற்றிவிட்டார்கள். புது மாட்யூல் வந்து மாட்டியாயிற்று. ஒரு ஃபேஸ் போனால் ஆள் ஏறக்கூடாது என்று கூண்டு வாசலில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறது. நான்தான் எழுதினேன், எழுத்து கொஞ்சம் கோணல்.

பெயர் மட்டும் மாறவில்லை. இன்னும் ராட்டினம்தான். ஆனால் நேற்று மதியம் கீழேயிருந்து போன் வந்தது. அன்றைக்கு 'யார் உத்தரவு' என்று கேட்டாரே, அவர்தான். ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், மணி அடிக்கவில்லை. "ராட்டினம், ஏறலாமா?" என்றார். நான் மோட்டாரின் சூட்டைப் பார்த்தேன், ஆறு ஃபேஸுக்கான ஆறு விளக்கையும் பார்த்தேன், ஏறலாம் என்றேன். அப்புறம்தான் ஏறினார்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள்.

இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊன்றுகோலோடு நடக்கிறாள். சுரங்கத்துக்குள் இனி இல்லை, மேலே வரைபட அறையில் வேலை தருகிறார்களாம். இன்னும் சரியாகப் பேசவில்லை, சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். இன்று காலை எதிர்வீட்டு அம்மா வந்து, விசாரணை முடிந்த அன்று ஒரு பெண் நம் தெருவில் வந்து, நம் கேட்டைத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று திரும்பிப் போனதாகச் சொன்னார். கையில் ஒரு தம்ளர் வைத்திருந்தாளாம், பாத்திரம் விற்கிறவளோ என்று நினைத்தாராம்.

இவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். விபத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் பொறுப்பில்லை: "வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனாளா? கால் உடைஞ்சது எனக்கா அவளுக்கா? என் மூஞ்சியப் பார்த்துத் திட்டு வாங்கக்கூட துப்பில்லையா? வேலையும் போச்சுல்ல, அங்க என்ன பண்றா? வரச் சொல்லு. நான் பேசறதுக்கு நிறைய வச்சிருக்கேன்."

இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் போகவில்லை. நீ வந்தால் நான் பேசுவேனா என்று தெரியாது. அவள் பேசுவாள்.

வா.

தம்பி